முடியும், உதவியோடு முடியும், முடியாது

எனக்குப் படிவம் நிரப்பத் தெரியும். வேறு என்ன தெரியும் என்று கேட்டால் என் மனைவி கொஞ்ச நேரம் யோசிப்பாள், ஆனால் இதை மட்டும் ஒப்புக்கொள்வாள். கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் பதினாறு வருடமாக எனக்கு அதுதான் வேலை. கண்டெய்னருக்குள் என்ன இருக்கிறது, எத்தனை பெட்டி, எத்தனை கிலோ என்று சுங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஓர் எண் தவறினால் கண்டெய்னர் வெயிலில் கிடக்கும், முதலாளி என்னைக் கொண்டுபோய் அதன் மேல் உட்கார வைப்பார். இத்தனை வருடத்தில் நான் ஒரு கிலோ கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. அப்பேர்ப்பட்டவன் நான்கு பக்கப் படிவம் ஒன்றை முழுக்க முழுக்கப் பொய்யால் நிரப்பினேன். அதுவும் என் சொந்தப் பிள்ளைகளைப் பற்றி.

பிள்ளைகள் இரட்டையர்கள். ஒரு பெண், ஒரு பையன். ஏழாம் மாதம் முடிவதற்குள் அவசரப்பட்டு வந்துவிட்டார்கள். பெண் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே, பையன் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டரை மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு இருந்துவிட்டுத்தான் வீட்டைப் பார்த்தார்கள். டன் கணக்கில் எழுதிப் பழகிய நான், மகளுக்கு இருபது கிராம் கூடியது என்று ஆபீஸ் முழுவதற்கும் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கதை நடந்தபோது அவர்களுக்கு நான்கு வயது. மகளுக்கு இரண்டு காதிலும் கருவி. அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும், பெரும்பாலும் எனக்கான உத்தரவுகள். மகனுக்குக் காது, வாய் எல்லாம் ஜோர். கால்தான் விறைத்துக்கொள்ளும், குதிகால் தரையைத் தொடாது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். பிடிக்காமல் ஓர் அடிகூட வைத்ததில்லை. "எந்திரிச்சு வாடா ராசா" என்று நான் கெஞ்சாத நாள் கிடையாது. அவன் என் பேச்சைக் கேட்ட நாளும் கிடையாது.

சனிக்கிழமை தோறும் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போவோம். அங்கே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. நடக்க முடியாத பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றுத்தரும் அந்த நிலையம் ஒரு கடைவீட்டின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் இல்லை. மகனைத் தோளிலும் வாக்கரைக் கையிலும் தூக்கிக்கொண்டு நான் ஏறுவேன், மகளை இழுத்துக்கொண்டு மனைவி ஏறுவாள். அந்த நிலையத்தால் இன்றுவரை யாருடைய கால் நன்றாகப் பலம் பெற்றிருக்கிறது என்று கேட்டால், என்னுடையதுதான்.

இதெல்லாம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன். முக்கியமாக என் மாமாவுக்கு. அம்மாவின் தம்பி, பூச்சோங்கில் இருக்கிறார், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். என் பிள்ளைகள் பிறந்திருக்க வேண்டிய மாதத்தில் அவருக்கு ஒரு பேரன் பிறந்து தொலைத்தான். அவன் தவழ்ந்தான், நடந்தான், கார் நம்பர்களைப் படித்தான். ஒவ்வொரு கல்யாணத்திலும் மாமா அதைச் சொல்லிவிட்டு, "உன் பிள்ளைங்க எப்படி?" என்பார். நானும் வாய் கூசாமல் அளந்து விடுவேன். "பையன் ஒரே ஓட்டம் மாமா, பிடிக்க முடியல." "பொண்ணு வாய் மூட மாட்டேங்குது." பையன் ஏன் என் இடுப்பிலேயே இருக்கிறான் என்று கேட்டால், தூக்கம் என்பேன். நான்கு வருடமாக எல்லாக் கல்யாணத்திலும் அவனுக்குத் தூக்கம்.

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆசிரியை இருக்கிறார், வகுப்பு தரைத்தளத்தில் இருக்கிறது. "ரெண்டே இடம்தான் மிச்சம்," என்றார் அந்த ஆசிரியை. "அடுத்த ஸ்கூல் தவணைக்குள்ள ரெண்டு பேருக்கும் ஓ.கே.யு. கார்டு கொண்டு வந்துடுங்க." மாற்றுத்திறனாளி என்று அரசாங்கம் கொடுக்கும் அட்டை. அதற்கு மருத்துவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மருத்துவரைப் பார்க்கும் முன் பெற்றோர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். படிவம்தானே, கொடு என்றேன் மனைவியிடம்.

ஆளுக்கு இரண்டு பக்கம், மொத்தம் நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: முடியும், உதவியோடு முடியும், முடியாது. முதல் கேள்வி, பிள்ளை தனியாக நடக்குமா. பேனாவை எடுத்துக்கொண்டு மூன்றாவது கட்டத்துக்குப் போனேன். கை நகரவில்லை. வலித்தது. பெற்ற பிள்ளையைப் பற்றி நாற்பது முறை முடியாது, முடியாது என்று என் கையாலேயே எழுத வேண்டுமா? மாமா தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. முதல் கட்டத்தில் ஒரு சரி போட்டேன். அப்புறம் வண்டி தானாக ஓடியது.

பொய்க்கும் ஒரு நியாயம் வைத்திருந்தேன். மாடிப்படி ஏறுவானா? ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று மாடி ஏறுகிறான். என் தோளில் என்பதைப் படிவம் கேட்கவில்லை. பந்தை உதைப்பானா? பந்தை உதைத்ததில்லை, போன வாரம் என் மூக்கை உதைத்தான். இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுவாளா? "அப்பா போ" என்று தினமும் சொல்கிறாள்.

மருத்துவர் ஒரு மலாய்ப் பெண்மணி. நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். என் மடியில் இருந்தவனைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார்.

"என்சிக்," என்று மலாயில் மரியாதையாக ஆரம்பித்தார். "இந்தப் படிவத்தில் இருக்கும் பிள்ளைகளை அழைத்து வரவில்லையா?"

பயிற்சி நிலையத்தின் அறிக்கை ஒன்று சொல்கிறது, உங்கள் படிவம் வேறொன்று சொல்கிறது, இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றார். புதுப் படிவத்தைக் கையில் கொடுத்து ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். திரும்பும் வழியில் பெட்டாலிங் ஜெயா நெரிசலில் கார் நின்றது.

"பொய் சொல்றதுக்குத்தான் உங்க மாமா வீடு இருக்குல்ல," என்றாள் மனைவி. "ஆஸ்பத்திரியிலயுமா?"

பள்ளிக்கூடத்தில் இடம் போய்விடுமோ என்று பயந்தேன். அரசாங்க விவகாரம் தெரிந்தவர் யார் என்று யோசித்தேன். தலையெழுத்து, மாமாதான். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அவரை வரவழைத்து, நான்கு வருடத்துப் பொய்யையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டேன். அவர் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு எப்பவோ தெரியும் லா," என்றார். "நாலு வருஷமா தூக்கிக்கிட்டே வர்ற. எனக்குக் கண்ணு இல்லையா?"

"அப்புறம் ஏன் மாமா ஒவ்வொரு தடவையும் கேட்டீங்க?"

"நீ சொல்றியான்னு பாத்தேன்."

அவர்மேல் கோபப்பட வேண்டுமா, காலில் விழ வேண்டுமா என்று தெரியவில்லை. அதற்குள் அவர் ஆலோசனைக்கு வந்துவிட்டார். "கவர்மெண்ட் ஃபாரம்னா எல்லாம் முடியாதுன்னு போடணும். ஒண்ணு முடியும்னு போட்டியோ, தூக்கி ஓரமா வச்சிருவான். பிள்ளைங்க அங்க போய் ஒண்ணும் செஞ்சிரக்கூடாது. அந்த வாக்கரைக் கொண்டு போகாத. ஆடாம அசையாம உக்காரணும், புரியுதா? முப்பது வருஷம் கவுண்டர்ல உக்காந்தவன் சொல்றேன்." அந்தக் கவுண்டர் நாய்களுக்கு லைசென்ஸ் கொடுத்த கவுண்டர் என்பது எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு புது விளையாட்டு. அதற்குப் பெயர் பொம்மை. நான் "உட்காரு" என்றதும் இருவரும் தொப்பென்று உட்கார்ந்து பொம்மையாகிவிட வேண்டும். அசையாமல் இருந்தால் ஆளுக்கு ஒரு பிஸ்கட். மகள் முதல் நாளே தேர்ந்துவிட்டாள். மகன் மூன்றாம் நாள்.

"நாலு வருஷமா எந்திரி எந்திரின்னு உயிரை விட்டீங்க," என்றாள் மனைவி. "இப்ப உட்கார பிஸ்கட் குடுக்கிறீங்க. உங்களுக்கே நல்லா இருக்கா?"

ஒரே ஒரு நாள்தான், கார்டு வந்ததும் நிறுத்திவிடலாம் என்றேன். படிவத்தை ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிரப்பினேன், அவள் பார்க்க வேண்டாமே என்று. முடியாது, முடியாது, முடியாது. இந்த முறை கை தடுக்கவே இல்லை, ஏனென்றால் இதுவும் பொய். என் பிள்ளைகளின் முழு வாழ்க்கையும் நடுக்கட்டத்தில் இருந்தது. அந்தக் கட்டத்தை நான் இரண்டு முறையும் தொடவில்லை.

ஆறு வாரம் கழித்து அதே அறை. வாக்கரைக் காரிலேயே விட்டுவிட்டேன். மகனைச் சுவர் ஓரத்துப் பெஞ்சில் உட்கார வைத்து, "பொம்மை" என்று காதில் சொன்னேன். மகள் அம்மாவின் மடியில் கல்லாக இருந்தாள். மருத்துவர் படிவத்தைப் புரட்டினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். மேசை ஓரத்தில் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது, கறுப்புப் பிடி போட்டது. என் ஆபீசிலிருந்து கொண்டுவந்த பழைய முத்திரை ஒன்றை வைத்து மகன் வீட்டுச் சுவரெல்லாம் குத்தி வைத்திருக்கிறான். முத்திரை என்றால் அவனுக்கு உயிர்.

அவன் பெஞ்சைப் பிடித்து இறங்கி நின்று, கையை எடுத்தான்.

ஓர் அடி வைத்தான். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. இரண்டு. கை இரண்டும் காற்றில். மூன்று. நான்காவது அடியில் மேசையைத் தொட்டு, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். வாக்கர் இல்லை, கை பிடிக்கவில்லை, யாரும் கெஞ்சவில்லை. இந்த ஒரு காட்சிக்காக நான் வேண்டாத சாமியில்லை, ஏறாத மாடியில்லை.

"டேய், உட்காருடா!" என்று கத்தினேன்.

அவன் உட்கார்ந்துவிட்டான். தொப்பென்று, தரையில், பயிற்சி கொடுத்தபடியே. சிரிப்பு போய்விட்டது. என் சத்தம் மகளின் காதுக் கருவிக்கும் எட்டியிருக்க வேண்டும். அம்மாவின் மடியிலிருந்து வழுக்கி இறங்கி அவளும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மையானாள். இருவரும் என் முகத்தைப் பார்த்தபடி பிஸ்கட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

மருத்துவர் என் மனைவியிடம் கேட்டார், "இதுதான் முதல் முறையா?" அவள் தலையாட்டினாள், அழுதுகொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நான்கு அடி நடந்தால் கார்டு கிடைக்காது என்று உங்களுக்கு யார் சொன்னது?"

"மாமா," என்றேன். நாற்பத்து மூன்று வயதில் வேறு பதில் வரவில்லை.

அவர் என் படிவத்தை மடித்து ஓரமாக வைத்தார். புதிதாக ஒன்றை எடுத்து மனைவியிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு அவரே நிரப்பினார். பெரும்பாலும் நடுக்கட்டம். அரை மணி நேரத்தில் முடிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, மகனை மடியில் தூக்கி வைத்து, முத்திரையை அவன் கையாலேயே குத்த வைத்தார். "பள்ளிக்கூடம் வரை நான்கு அடி போதாது என்பது எனக்குத் தெரியும்," என்றார் என்னிடம். கார்டு இருவருக்கும் வந்தது. இரண்டு இடமும் கிடைத்தது. மாமா பூச்சோங்கிலிருந்து போன் போட்டு, "பாத்தியா, நான் சொன்னபடி செஞ்ச, வேலை முடிஞ்சுது," என்றார்.

பொம்மை விளையாட்டை அன்றே நிறுத்திவிட்டேன். மகன் நிறுத்தவில்லை. வீட்டில் நாற்காலியைப் பிடித்து நின்றுகொண்டிருப்பான், நான் உள்ளே வந்ததும் முகத்தைப் பார்ப்பான், உட்கார்ந்துவிடுவான். எழுந்திரு ராசா என்று கெஞ்சினேன், மண்டியிட்டேன், ஒரு பாக்கெட் பிஸ்கட்டைப் பிரித்து வைத்தேன். அவன் உட்கார்ந்தே சாப்பிட்டான். பிறந்ததிலிருந்து என் பேச்சு எதையும் கேட்காதவன் இந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டான்.

"நீங்க இல்லாதப்ப நடக்கிறான்," என்றாள் மனைவி. குத்திக்காட்டச் சொல்லவில்லை. எனக்கு நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னாள்.

அதனால் இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்ததும் நான் வீட்டுக்குள் போவதில்லை. காரை இரண்டு வீடு தள்ளி நிறுத்திவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். நேற்றும் அப்படித்தான் நின்றேன். உள்ளே சோபாவிலிருந்து டிவி மேசைக்கு அவன் போய்க்கொண்டிருந்தான், முத்திரையைக் கையில் பிடித்தபடி. பக்கத்து வீட்டுக்காரர் குப்பை போட வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா பாஸ், வீட்டம்மா வெளிய தள்ளிட்டாங்களா?"

"ஆமா லா," என்று சொல்லிவிட்டு அவன் அடிகளை எண்ணுவதைத் தொடர்ந்தேன். எட்டு. ஒன்பது.