அங்கவடியில் குங்குமம்

அலுவலகத்தில் பக்கத்து மேஜைப் பெண் கைபேசியை என் முன் நீட்டினாள். பாணேரில் ஏதோ குதிரைச் சவாரி கிளப்பில் மகளைச் சேர்த்திருக்கிறாளாம், அங்கவடி வாங்க வேண்டுமாம். "பிங்க் எடுக்கவா, லாவண்டர் எடுக்கவா? நீங்க சொல்லுங்க," என்றாள். கண்ணாடிக் கல் பதித்து மினுமினுத்த அவற்றை ஆரத்தித் தட்டில் வைத்தால் பொருத்தமாக இருக்கும். கைபேசியை அவள் பக்கமே தள்ளினேன். கோயம்புத்தூரிலிருந்து இந்த மராட்டி ஊருக்குப் புதிதாக வந்தவள், நல்ல பெண்தான், அவளைச் சொல்லி என்ன பயன்? மகளின் ஷூ அகலம் எவ்வளவு என்று கேட்டேன். அது எதற்கு என்று விழித்தாள்.

அங்கவடி என்பது வேறொன்றுமில்லை, குதிரை மேல் உட்கார்ந்தவர் காலை ஊன்றிக்கொள்ளும் இரும்பு வளையம். ஷூவை உள்ளே விட்டால் இரண்டு பக்கமும் ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் விழும்போது கால் மாட்டிக்கொள்ளும். அகலமாக இருந்தால் பாதமே மறுபக்கம் போய்விடும், அது இன்னும் மோசம். கையில் எடுத்தால் கனக்க வேண்டும், மிதிக்கிற இடத்தில் ரப்பர் வேண்டும். நிறம் எதுவாக இருந்தால் என்ன, குதிரையா பார்க்கப்போகிறது?

இவ்வளவு பேசுகிறவள் பெரிய சவாரிக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். என்னைக் குதிரையில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். இறக்க யாரும் வேண்டாம், நானே விழுந்துவிடுவேன். சவாரி செய்தவள் என் அக்கா. இங்கே நிக்டியில் எங்கள் காலனிக்குப் பின்னால் அப்போது ஒரு மைதானம் இருந்தது, ஓரத்தில் தகரம் போட்ட லாயம். சாணமும் ஊறிய கொள்ளும் கலந்த வாசனை அக்காவின் துப்பட்டாவோடு வீட்டுக்குள் வரும். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பாத்ரூமைக் காட்டுவாள். கல்லூரிக் குதிரை அணியில் இடம் பிடித்து டில்லி குடியரசு தின அணிவகுப்புக்குப் போக வேண்டும், அக்காவுக்கு ராத்திரி பகலாக அது ஒன்றுதான் நினைப்பு. நல்ல நாள் என்று அணித் தேர்வைத் தசராவன்று காலையில் வைத்திருந்தார்கள்.

பயிற்சி கொடுத்தவர் முறுக்கிய மீசையோடு ஒரு மாஸ்டர். அவரிடம் இருந்ததெல்லாம் ஆண்களின் பூட்ஸுக்கு வாங்கிய அங்கவடிகள். அக்காவின் பாதம் சின்னது, அதற்குள் லொடலொடவென்று ஆடும். சின்னதாக ஒன்று வேண்டும் என்று அவள் கேட்கும்போதெல்லாம், பெண்பிள்ளைகளுக்கென்று தனியாகச் செய்தா வைத்திருக்கிறார்கள் என்று இந்தியில் சொல்லிச் சிரிப்பார். பூட்ஸின் குதிகால் தடுத்ததால் அவளும் எப்படியோ சமாளித்து வந்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. தொழிற்சாலையில் லேத் மெஷினுக்குச் சந்தனம் தடவிய கையோடு அப்பா லாயத்துக்கும் வந்துவிட்டார். மராட்டிக்காரர்கள் குதிரைகளுக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். நம்மவர் விடுவாரா? சேணம், கடிவாளம், அங்கவடி என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் அப்பினார், கால் வைக்கும் இடத்தில்கூட.

மறுநாள் காலை அக்கா குங்குமம் அப்பிய அங்கவடியின் முன்னால் தயங்கி நின்றாள். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள். பூட்ஸைக் கழற்றி, கோயில் வாசலில் விடுவது போல ஓரமாக வைத்தாள். அங்கவடியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினாள். மாஸ்டர் தடுக்கவில்லை. எவ்வளவு நல்ல வளர்ப்பு பாருங்கள் என்று தேர்வு செய்ய வந்தவர்களிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

திருப்பத்தில் குதிரை வேகம் எடுத்ததும் அக்கா சரிந்தாள். தடுக்கக் குதிகால் இல்லை, பாதம் கணுக்கால் வரை வளையத்துக்குள் போய்விட்டது. மிரண்ட குதிரை அவளை இழுத்துக்கொண்டே ஓடியது. நாங்கள் அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவதற்குள் மாஸ்டர் அதே அங்கவடியைத் துணியால் துடைத்து, அடுத்த பெண்ணை ஏறச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் துணியையும் அந்தக் கையையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அப்பா அதற்கும் மேலே போனார். நொறுங்கிய கணுக்காலுக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போதே அவளிடம் சொன்னார்.

"பூச போட்ட சாமான்ல கால வெச்சா வேற என்னளா நடக்கும்?"

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். எங்கள் வீட்டுக் கதையில் குதிரை பாவம். குழி பறித்ததெல்லாம் மனிதர்கள். அளவு சரியில்லாத அந்த இரும்பை ஒருத்தரும் குறை சொல்லவில்லை. அக்கா அதன் பிறகு குதிரை ஏறவில்லை, குதிரை என்று பேசவும் இல்லை.

மைதானமும் லாயமும் போய் அங்கே இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. வாசலில் குட்டையாக ஒரு சிமெண்ட் குதிரை, பிள்ளைகள் ஏறிப் படம் எடுத்துக்கொள்ள நிஜ இரும்பு அங்கவடிகளோடு. போன தசராவுக்கு ஊரிலிருந்து வந்திருந்த அக்காவோடு அந்தப் பக்கம் மெல்ல நடந்து போனேன். காலை இன்னும் சாய்த்துத்தான் நடக்கிறாள். சிமெண்ட் குதிரைக்கு யாரோ செவ்வந்தி மாலை போட்டு, அங்கவடியில் குங்குமம் வைத்திருந்தார்கள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றாமல், கணுக்கால் எலும்பில் திருகாணி வைத்த அந்தக் காலைத் தூக்கி உள்ளே விட்டாள். செருப்போடு பாதம் மறுபக்கம் வந்துவிட்டது.

"இதுவும் பெருசுதான்ளா," என்றாள்.