குருத்து ஞாயிற்று ஆர்க்கிட்

அம்பத்தூரில் ஏறி இறங்க பாடி மேம்பாலத்தை விட்டால் வேறு உயரம் கிடையாது. ஆனாலும் நாங்கள் அதற்கு ஹைக்கிங் என்றுதான் பெயர் வைத்திருந்தோம். பங்குனி வெயிலில் நானும் என் தோழியும் காட்டுப்பூ தேடி நடந்த இடங்கள் ஏரிக்கரை, தண்டவாள ஓரம், விற்காமல் கிடக்கும் மனைகள், மூடிப்போன கம்பெனிகளின் மதிலோரம். பாட்டில் சில்லுக்கும் மலத்துக்கும் நடுவே விஷ்ணுகிராந்தி நீலமாகப் பூத்திருக்கும். மண்டி போட்டுப் படம் எடுப்போம். எழுந்தால் முட்டியில் நெருஞ்சி.

திருமுல்லைவாயில் பக்கம் ஒருமுறை அப்படிக் குனிந்திருந்தபோது ஒரு பைக் வந்து நின்றது.

"இன்னா மாமே, ரெண்டும் கஞ்சா செடி தேடுதுங்களா?"

"இல்ல மச்சான், போட்டோ எடுக்குது பாரு. ரியல் எஸ்டேட்டு பார்ட்டி."

தோழி நிமிரவேயில்லை. "அண்ணா, பாம்பு ஒண்ணு இப்பத்தான் இங்க பூந்துச்சு. இறங்கி வந்து பிடிச்சுக் குடுங்களேன்" என்றாள். பைக் கிளம்பிவிட்டது.

அவள் கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு, என் அலுவலகத்தில் எனக்கு அடுத்த நாற்காலியில் மருந்துக் கம்பெனிக் கணக்கு பார்க்கிறவள். வீடு ஆவடி. மூன்று வருடமாக அவளுக்கு ஒரே பைத்தியம்: நம் ஏரியாவில், தானாக முளைத்த ஆர்க்கிட் ஒன்று விரிந்திருப்பதைப் பார்க்க வேண்டும். மலர்க் கண்காட்சித் தொட்டியெல்லாம் கணக்கில் வராது. மூக்கு தொடும் தூரத்தில் பார்க்க வேண்டும். ஈஸ்டர் முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம், உடனே தோஹா. ஆகவே இந்தத் தவக்காலத்தோடு அவளுடைய தேடலுக்குத் தவணை முடிகிறது.

"வெயில்ல சுத்தி மூஞ்சி கறுத்துப்போனா மாப்பிள்ளை வீட்ல என்னடி சொல்வாங்க?" என்றார் அவள் அம்மா, என் முன்னாலேயே.

"கறுப்புன்னு பார்த்துட்டுத்தானே ஒத்துக்கிட்டாங்க?"

"போட்டோவுலதானே பார்த்தாங்க."

அதை முதலில் கண்டது நான்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திரங்களை விற்றுவிட்டுப் பூட்டிய ஒரு கம்பெனி. கேட் கம்பிகளுக்கு அப்பால், ஷெட்டை ஒட்டி ஒரு மாமரம். அதன் கவட்டில் பட்டை பட்டையான இலைகள், இரண்டு பக்கமும் வரிசையாக. நடுவிலிருந்து பச்சையாக ஒரு பூந்தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. வாண்டா, ஆர்க்கிட்டில் ஒரு வகை. விரிந்தால் இதழில் பழுப்புக் கட்டங்கள், நடுவில் ஊதா நாக்கு. அவள் கம்பியைப் பிடித்தவள் விடவேயில்லை.

வாட்ச்மேன் வந்தார். "இன்னாமா வோணும்?"

"அந்த மரத்துல ஒரு செடி இருக்குண்ணா. பூக்கப் போகுது. பூத்ததும் கிட்டப் போய்ப் பார்க்கணும்."

"பாத்துட்டு?"

"பார்த்துட்டுப் போயிடுவோம்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மாங்கா துன்ன வந்துகினு, பூ பாக்கறாளுங்களாம். அடுத்த வாரம் வா, பாக்கலாம்."

அடுத்த வாரம் போனோம். டீயும் பன்னும் வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தோம். நாற்காலியைக் கேட்டுக்கு உள்பக்கம் எங்களைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்து, பன்னை நனைத்து நனைத்துச் சாப்பிட்டார். "ஓனர் வர்ற டைமு. அடுத்த வாரம் வா" என்றார். அதற்கடுத்த வாரம் தண்ணீர் கேன் தூக்க வைத்தார். கேனைக் கேட் வழியாக வாங்கிக்கொண்டு பழையபடி பூட்டினார். கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தோம். அடிமொட்டு பருத்திருந்தது. இன்னும் ஒரு வாரம் என்று கணித்தாள். அதாவது ஈஸ்டருக்கு முந்திய குருத்து ஞாயிறு. அதற்குப் பிறகு வீடு நிறைய உறவுக்காரர்கள், வாசல் தாண்ட விடமாட்டார்கள்.

அன்று பூசை முடிந்து கையில் குருத்தோலையோடு நேராக வந்தாள். வாட்ச்மேன் எங்களுக்காகவே நின்றிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாம்மா, உன்னத்தான் பாத்துகினு கீறேன்."

அவள் என் கையை இறுக்கினாள். கேட் திறக்கப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். அவர் தன் அறைக்குள் போய் நியூஸ்பேப்பரில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து கம்பி இடுக்கில் நீட்டினார். உள்ளே பூந்தண்டு. ஒரு மொட்டுகூட விரியவில்லை.

"ஓனரு கேமராவுல பாத்துட்டாரு. எவளுங்கடா வாராவாரம் கேட்டாண்ட நிக்கறதுன்னு என்னப் புடிச்சு கிழிகிழின்னு கிழிச்சாரு. உனுக்கு இன்னா, பூதானே வோணும்? இந்தா. எடுத்துக்கினு கெளம்பு."

"செடி?" என்றாள்.

"அது இருந்தா திருப்பி வருவீங்க. பேத்து கொளுத்தியாச்சு."

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் "தேங்க்ஸ்ணா" என்றாள், பழக்கதோஷம். "தலைல வெச்சுக்கோமா, ஷோக்கா இருப்ப" என்றார் அவர், திரும்பி நடந்தபடியே.

பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. தண்டு ஏற்கெனவே துவண்டிருந்தது. "தண்ணியில வெச்சா விரியும்டி" என்றேன்.

"நாளைக்கு சொந்தக்காரங்க வந்துடுவாங்க. இருபது பேர் இருக்கிற வீட்ல எங்க வைப்பேன்? எவளாவது எடுத்துச் சூடிக்குவா."

சொல்லிக்கொண்டே ஒரு மொட்டின் இதழ்கள் கூடும் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்தாள்.

"என்னடி பண்ற?"

"பார்க்கறேன்."

பிளந்தாள். உள்ளே இதழ்கள் வேகாத அரிசி நிறத்தில் மடிந்து கிடந்தன. நாக்கு இருந்தது, ஊதா இன்னும் வந்து சேரவில்லை. முகர்ந்தாள். பச்சைத் தழை வாசம்தான் போல, முகம் சுளித்தாள். அடுத்ததைப் பிளந்தாள். அதற்கடுத்ததை. ஒவ்வொன்றிலும் அதே வெளுப்பு. புல்லை மிதிக்காமல் சுற்றி நடந்தவளின் விரல்கள் அவை. அடுத்ததில் நிறம் இருக்குமோ என்று நானும் குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடிமொட்டு மட்டும் மிச்சம். இருப்பதில் பெரியது. கிள்ளி என்னிடம் நீட்டினாள்.

"இது உனக்கு. நீதானே மொதல்ல கண்டுபிடிச்ச."

வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். அவசரத்தில் என் நகம் ஆழமாக இறங்கிவிட்டது. மொட்டு கூழாக நசுங்கியது. நிறம் இருந்ததா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அதற்குள் ஆவடி பஸ் வந்துவிட, அவள் ஓடி ஏறி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"உன்னோடதுல கலர் இருந்துச்சாடி?"

கல்யாணப் பெண், கடைசி ஞாயிறு. கொஞ்சம் சந்தோஷமாகப் போகட்டும் என்று நினைத்தேன். "இருந்துச்சுடி. ஊதா. நல்ல ஊதா."

அவள் முகம் அப்போதுதான் உடைந்தது.

"அதைப் போய் உனக்குக் குடுத்தேன் பாரு" என்றாள். பஸ் நகர்ந்துவிட்டது.