நான்கெல்லை

காரைக்குடிக் கடையில் நன்னாரி சர்பத்தை வாயருகே கொண்டுபோனதும் தேனாற்றங்கரை நினைவுக்கு வந்தது. ஊர் நிலக்கணக்கு எழுதும் கர்ணமாக இருந்த அப்பாவின் சைக்கிளில் தொற்றிக்கொண்டு அங்கே போவேன். காட்டுநாயக்கர் பழங்குடிக் குடிசைகள் ஏழெட்டு, ஈரமண்ணில் நன்னாரி வேர் தோண்டும் கடப்பாரைச் சத்தம், விறகுப் புகை, ஓயாத நாய்கள், வெள்ளம் கரையைத் தின்னும்போதெல்லாம் தள்ளிப்போய் நிற்கும் கூரைகள் என்று அந்த இடம் ஒருபோதும் வரைபடத்தோடு ஒத்துப்போனதில்லை.

அவர்களுக்குப் பட்டா மனு எழுத அப்பா நான்கு பக்க எல்லையையும் கேட்டார்.

“வடக்க மருதமரம், தெக்க எங்காத்தாவைப் புதைச்ச மேடு,” என்றாள் அங்கே குடியிருந்த வெள்ளையம்மா.

“கிழக்க ஆறுதானே?”

“ஆறு எப்புடிச் சாமி எல்லையாகும்? அதுவும் எங்க இடந்தான். சேத்து எழுதுங்க.”

“ஆத்துக்கே பட்டாவா?” என்று சிரித்தபடி அப்பா அப்படியே எழுதினார்.

மனு தள்ளுபடியானது. ஆற்றைச் சேர்க்காவிட்டாலும் ஆகியிருக்கும். ஆற்றுப் புறம்போக்குக்குப் பட்டா கிடையாது.

பின்னாளில் வட்டாட்சியராக, ஆக்கிரமிப்பு அகற்றும் நோட்டீஸை முறைப்படி நானே கொண்டுபோனேன். கிழவியாகியிருந்த வெள்ளையம்மா கைநாட்டு வைத்துவிட்டு அப்பாவை விசாரித்தாள். இறந்துவிட்டார் என்றேன்.

“எங்குட்டுப் புதைச்சீக?”

“எரிச்சுட்டோம்.”

“அடப் பாவமே,” என்றாள் என்னைப் பார்த்து. “அப்ப உங்களுக்குன்னு ஒரு இடமும் இல்லையா சாமி?”