சப்டைட்டில் நின்றுபோன படம்

நாள் முழுக்க சான் ரமோன் ஆபீசில் மீட்டிங். உடம்பு கெஞ்சியது. இருந்தாலும் ஃப்ரீமான்ட் தியேட்டருக்குப் போனேன். ஐரோப்பியப் படங்கள் அந்தந்த நாட்டு மொழியிலேயே வரவேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்படும் ஒரு விருதுக்கு, அங்கே படங்களைப் பார்க்கும் நாங்கள்தான் ஓட்டுப் போட வேண்டும்.

அன்று எஸ்தோனியப் படம். பாதியில் சப்டைட்டில் நின்றுவிட்டது. சரிசெய்ய முடியவில்லை என்றார்கள். பலர் கிளம்பினார்கள். நானும் பையை எடுத்தேன்.

பின்வரிசையில் நர்ஸ் உடையில் இருந்த ஒரு பெண்மணி எழுந்து நின்றார். "ப்ளீஸ், போகாதீங்க. இது என் மொழி. நான் சொல்றேன்" என்றார் ஆங்கிலத்தில்.

படம் முடியும்வரை ஒவ்வொரு வசனத்தையும் ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். போகப் போகக் குரல் கட்டிக்கொண்டது. ஓரிடத்தில் அவர் மட்டும் சிரித்தார். சிரிப்பு அடங்காமல் அவரால் சொல்லவே முடியவில்லை. அர்த்தம் தெரியாமலே நாங்களும் சிரித்தோம்.

வெளியே வந்ததும், "ரொம்ப டயர்டா இருப்பீங்களே?" என்றேன்.

"டபுள் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்தேன். ஆனா இந்த ஊர்ல என் மொழிய இத்தனை பேர் உட்கார்ந்து கேட்டது இன்னிக்குத்தான்."

அந்தப் படத்துக்கே ஓட்டுப் போட்டேன். விருது வேறொரு படத்துக்குப் போனது. அவரை மறுபடி பார்க்கவும் இல்லை. ஆனால் இப்போதெல்லாம், அலுப்பில் பாதியில் எழுந்து போகத் தோன்றினால், இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.