டார்லாவின் டிரக்கில் மிச்சமிருந்த இடம்

அடுத்தவர் டிரக்கின் கதவைத் திறக்க எமெட் ஹாஸ்கெல் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. அரிசோனா எல்லையில் நெடுஞ்சாலை எடைமேடையில் இருபத்தாறு வருஷம் லாரிகளை மடக்கி நிறுத்திய கை அது. ஓய்வு பெற்று, மனைவி நாடீனோடு குவார்ட்ஸ்சைட் ஊருக்கு வெளியே ஒரு டிரெய்லர் பூங்காவில் வந்து தங்கிய பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

குளிர்காலம் வந்தால் வடக்கிலிருந்து கிழவர்களும் கிழவிகளும் வீட்டையே டிரக்கில் பூட்டி இழுத்துக்கொண்டு இந்தப் பாலைவனத்துக்கு வந்துவிடுவார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் பூங்கா வாசலில் மடக்கு நாற்காலிகள் வரிசையாக விழும். கையில் பீர், கண் ரோட்டில். புதிதாக உள்ளே வரும் டிரக்கின் பின்புறம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துச் சிரிப்பதுதான் பொழுதுபோக்கு. நடு நாற்காலி எமெட்டுடையது. மடியில் ஒரு நோட்டு, காலடியில் ஜாக்கி மாதிரி ஓர் எடைமானி.

அவர் கண்டுபிடித்த குற்றம் எப்போதும் ஒன்றுதான். வாங்குகிறவன் விளம்பரத்தைப் பார்த்து வாங்குகிறான். ஏழு டன் இழுக்கும், எட்டு டன் இழுக்கும் என்று போட்டிருக்கிறது. டிரக்கும் இழுக்கத்தான் செய்யும். ஆனால் இந்த ரக டிரெய்லர் பின்னால் உருண்டு வருவது மட்டுமல்ல, கழுத்தைத் தூக்கி டிரக்கின் முதுகில் வைத்துக்கொள்கிறது. அந்த முதுகு எவ்வளவு தாங்கும் என்பது விளம்பரத்தில் இல்லை. ஓட்டுநர் கதவின் ஓரத்தில், மஞ்சள் பட்டை போட்ட ஒரு ஸ்டிக்கரில் இருக்கிறது. டிரெய்லரின் கழுத்து, அதைப் பூட்டும் கொக்கி, உள்ளே உட்காரும் ஆட்கள் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணுக்குள் அடங்கவேண்டும். டிரக் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் படிப்பதில்லை. எமெட் படித்தார், சத்தமாக, பத்துப் பேர் முன்னால்.

மலை இறக்கத்தில் டிரெய்லர் தள்ளி யாரோ செத்ததைக் கண்ணால் பார்த்தவர், அதனால்தான் இப்படி என்று சிலர் அவருக்காகப் பரிந்து பேசுவார்கள். அப்படி ஒரு மண்ணும் இல்லை. அவருக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஆறு மாதம் பேரம் பேசி, புது டிரக்கை ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தவனின் முகம் தொங்கிப்போவதைப் பார்க்க அவருக்குப் பிடித்திருந்தது.

ஐந்து வருஷம் முன்னால் அயோவாவிலிருந்து ராய்ஸ் கில்லம் வந்தான். பளபளவென்று சிவப்பு டிரக், பக்கத்தில் மனைவி டார்லா. நல்ல பருமனான பெண். வண்டி நின்றதும் எமெட் கதவைத் திறந்து குனிந்தார்.

"ரெண்டாயிரத்து நானூத்தி எண்பது பவுண்டு. அவ்வளவுதான் தாங்கும். கொக்கி நூத்தி அறுபது. ராய்ஸ், நீ எவ்வளவு இருப்பே?"

"நூத்தித் தொண்ணூறு."

"அம்மா, நீங்க?"

டார்லா சிரித்து மழுப்பினாள். எமெட் விடவில்லை. சொல்லாவிட்டால் நானே கூட்டிச் சொல்கிறேன், கூடுதலாகத்தான் வரும் என்றார். நாற்காலிகள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு. டார்லா காதோடு காதாக ராய்ஸிடம் சொன்னாள். ராய்ஸ் உரக்கச் சொன்னான்: இருநூற்று அறுபத்தெட்டு.

எமெட் எடைமானியைக் கழுத்துக்கு அடியில் வைத்துப் பார்த்து, நோட்டில் கூட்டிக் கழித்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"இருநூத்தி இருபத்தெட்டு கூடுதல். கவலைப்படாதே ராய்ஸ். உன் டிரக்குல ஒரு குறையும் இல்லே. அம்மாவை பஸ்ல அனுப்பிடு, நாப்பது பவுண்டு மிச்சம். ரெண்டு பெட்டி பீர் வெச்சுக்கலாம்."

வரிசையே குலுங்கிச் சிரித்தது. ராய்ஸும் சிரித்தான். சிரித்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏப்ரலில் ஊர் திரும்பும்போது டார்லாவை நிஜமாகவே பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அடுத்த குளிர்காலத்துக்கு அவள் பஸ்ஸில்தான் வந்தாள். அதற்கடுத்ததற்கும்.

எடை பார்த்த அன்றே சாயங்காலம் நாடீன் மட்டும் ஒரு தட்டில் பீச் பழக் கேக்கோடு டார்லாவின் டிரெய்லருக்குப் போனாள். திரும்பி வந்து புருஷனிடம் கேட்டாள்.

"அந்த இருநூறு பவுண்டை யாருங்க பார்க்கப்போறா? கொஞ்சம் கண்ணை மூடிக்கிட்டா என்ன குறைஞ்சுபோகும்?"

"ஒரு பவுண்டு கூடினாலும் கூடினதுதான், நாடீன்."

நாடீனுக்குக் கல் பொறுக்கும் பழக்கம். பாலைவனத்தில் நடந்து நடந்து வண்ணக் கற்களாகச் சேர்த்து, டிரெய்லரின் முன்புறம், தாங்கள் படுக்கும் கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாக வைத்திருந்தாள். இரண்டு வருஷம் முன்னால் ஆகஸ்டில் அவள் செத்துப்போனாள். ஒரு சின்ன மரப்பெட்டியில் சாம்பலாக வந்து, ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின்மேல் உட்கார்ந்தாள். இனி எங்கே போகப்போகிறோம் என்று எமெட் தன் டிரக்கை விற்றுவிட்டார். இரட்டைச் சக்கரம் போட்ட பெரிய டிரக். ஸ்டிக்கரில் ஐயாயிரத்துச் சொச்சம் போட்டிருந்தது. அதைப் பற்றியும் நோட்டில் ஒரு பக்கம் இருந்தது.

இந்த வருஷம் மார்ச்சில் பூங்காவின் சொந்தக்காரர் நிலத்தை விற்றார். ஏப்ரல் முப்பது மதியத்துக்குள் காலி பண்ணவேண்டும். நிற்கும் டிரெய்லரை நசுக்கி அள்ளிவிடுவார்கள். எமெட்டுக்கு வேறு வீடு கிடையாது, பிள்ளை குட்டியும் கிடையாது. வடக்கே கிங்மன் பக்கம் ஒரு பூங்காவில் இடம் சொல்லி வைத்துவிட்டார். இழுத்துப் போகத்தான் டிரக் இல்லை. கூலிக்கு இழுப்பவன் மே நடுவில் வருகிறேன் என்றான்.

அவர் நோட்டைத் திறந்தார். பூங்காவில் இருக்கும் ஒவ்வொரு டிரக்கின் ஜாதகமும் அதில் இருந்தது. தன் டிரெய்லரின் கழுத்து எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். தாங்கக்கூடியவை மூன்று என்று குறித்துக்கொண்டார். டிரக் தேர்ந்தெடுப்பதில் அவரைவிடக் கெட்டிக்காரர் அந்த வட்டாரத்தில் இல்லை. தேர்ந்தெடுத்ததெல்லாம் சரியான டிரக்குகள்தான்.

முதலாமவன் கதவைத் திறக்கவே இல்லை. இரண்டாமவன், என் டயர் பழசு என்று பத்துப் பேர் முன்னால் சொன்னவர் நீங்கள்தானே என்று கேட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போனான். மூன்றாவது ஆள் ஆர்லின் ஃபாஸ். பதினோரு வருஷமாகப் பக்கத்து நாற்காலிக்காரர், சிரித்தவர்களில் அதிகம் சிரித்தவர்.

"ஆர்லின், உன் டிரக்குதான்யா சரியா வரும்."

"வரும். ஆனா நான் தெற்கே போறேனே எமெட்."

"ஒரு நாள் வேலை."

"உனக்கு ஒரு நாள் செஞ்சா வழியெல்லாம் கணக்கு கேப்பே. டயர்ல காத்து எவ்வளவு, பிரேக் எப்போ மாத்தினே... வேண்டாம்யா. இந்த வயசுல எனக்கு நிம்மதி முக்கியம்."

இருபத்தெட்டாம் தேதி பூங்காவில் நாலு டிரக் மிச்சம். முப்பது காலையில் இரண்டு: ஆர்லினுடையது, அப்புறம் அந்தச் சிவப்பு டிரக். ராய்ஸ் போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டான். அவனைப் புதைத்த மாதமே டார்லா டிரக் ஓட்டவும் டிரெய்லர் இழுக்கவும் கற்றுக்கொண்டாள். அவளுடைய டிரெய்லர் நேற்றே கிங்மன் போய்ச் சேர்ந்துவிட்டது. மீதிச் சாமானை விற்றுத் தீர்க்கத் திரும்பி வந்திருந்தாள்.

எமெட் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். தலை வணங்கிப் பழக்கமில்லாததால் தொப்பியை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. டார்லா அவர் சொன்னதை முழுதும் கேட்டாள்.

"இழுத்துட்டுப் போறேன்" என்றாள். "நாடீனுக்காக. ஆனா ஸ்டிக்கர்படிதான். கணக்கை நீங்களே போடுங்க. ஓட்டறவ எடை உங்க நோட்டுலயே இருக்கு."

"டார்லா, அன்னிக்கு நான் ஏதோ..."

"இருநூத்தி அறுபத்தெட்டு. மாறலே. எழுதிக்குங்க."

அவர் எழுதினார். ரெண்டாயிரத்து நானூற்று எண்பதில் கொக்கியும் டார்லாவும் போக ரெண்டாயிரத்து ஐம்பத்திரண்டு. எடைமானியை வைத்தார். அவர் டிரெய்லரின் கழுத்து ரெண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு. முந்நூற்று முப்பத்தெட்டு குறைக்கவேண்டும், அவரைச் சேர்க்காமலே. முன்புறச் சாமானைப் பின்னால் தள்ளினால் ஓடும்போது வால் ஆடும்; அதையும் ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தான்.

முன்புறம் என்றால் நாடீன். கட்டிலுக்கு அடியில் நாடீனின் கற்கள், அலமாரியில் நாடீனின் துணி, ஜன்னலில் நாடீனின் தையல் மெஷின். பெட்டிகளை முதலில் இறக்கினார். எழுபத்தாறு வயதில் ஒவ்வொன்றையும் நெஞ்சோடு அணைத்துப் படியிறங்கி மணலில் வைத்தார். ஆர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பீரை உடைத்தார். எழுந்து ஒரு பெட்டியைப் பிடிக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"எவ்வளவுய்யா எமெட்?"

"ரெண்டாயிரத்து நூத்தித் தொண்ணூறு."

"இன்னும் இறக்கு."

துணி வந்தது. அவள் தைத்த போர்வைகள் வந்தன. மெஷின் வந்தது. மெத்தையை இழுத்து வாசலில் தள்ளினார். அது அவள் படுத்த பள்ளத்தோடு மணலில் கிடந்தது. தண்ணீரை வடித்தார். கட்டில் பலகையைக் கழற்றினார். பத்தரை மணிக்கு எடைமானி ரெண்டாயிரத்து முப்பத்தாறு காட்டியது. உள்ளே எடுக்க இனி ஒன்றுமில்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"பதினாறு பவுண்டு மிச்சம்" என்றாள் டார்லா. "நீங்க எவ்வளவு?"

டார்லா தன் டிரக்கிலிருந்து குளியலறை எடைமெஷினை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தாள்.

"ஏறுங்க."

"தெரியும் டார்லா. நூத்தி எண்பத்திரண்டு."

"ஏறுங்க. சொல்றதை நம்பக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

ஏறினார். முள் நூற்று எண்பத்திரண்டில் நின்றது. ஆர்லின் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு வருஷத்தில் ஒருநாளாவது பொய் சொல்லமாட்டானா இவன் என்று சொல்லிச் சிரித்தார். எமெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக்கூட அவர் முயலவில்லை.

"டார்லா, நூத்தி அறுபத்தாறுதானேம்மா கூடுது. வழியில எடைமேடை கிடையாது. யாரு பார்க்கப்போறா?"

டார்லா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாடீன் கேட்டாளாமே, இதையேதான். கேக் கொண்டாந்தப்போ சொன்னேன், வீட்டுக்காரர்கிட்ட கேட்டுப் பாருன்னு. மறுநாள் வந்து நீங்க என்ன சொன்னீங்கன்னும் சொன்னா."

எமெட் எடைமெஷினிலிருந்து இறங்கினார்.

"சொல்லுங்க எமெட். என்ன சொன்னீங்க?"

"ஒரு பவுண்டு கூடினாலும்..." என்றார்.

டார்லா கழுத்தைப் பூட்டினாள். கொக்கி பிடித்த சத்தம் கேட்டது. நாடீனின் சாம்பல் இருந்த மரப்பெட்டி மணலில், மெஷின்மேல் இருந்தது. அவள் அதைத் தூக்கி எடைமெஷினில் வைத்துப் பார்த்தாள். ஏழு.

"இவ வரட்டும். ஒன்பது பவுண்டு மிச்சம்."

முன்சீட்டில் பெட்டியை வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டி, ஒருமுறை அசைத்துப் பார்த்துக் கதவைச் சாத்தினாள். பெட்டி வைத்த சீட் எமெட் உட்காரவேண்டிய சீட்.

"பஸ் நாலு மணிக்கு, பெட்ரோல் பங்க் வாசல்ல நிக்கும். பீனிக்ஸ்ல இறங்கி மாறணும். எனக்கு அந்த வழி நல்லாத் தெரியும். ராத்திரி முழுக்க ஆகும். தண்ணி எடுத்துக்குங்க."

டிரக் மெல்ல நகர்ந்தது. பழக்க தோஷம், எமெட்டின் கண் தானாகவே அதன் பின்புறத்துக்குப் போயிற்று. கொஞ்சமும் தாழவில்லை. அவர் பார்த்ததிலேயே ஒழுங்காக எடை போட்டு ஏற்றிய வண்டி அதுதான். அவருடைய வீடு பூங்கா வாசலைத் தாண்டி வடக்கே திரும்பிப் போனது.

ஆர்லினும் நாற்காலியை மடக்கிக்கொண்டு தெற்கே கிளம்பிவிட்டார். பன்னிரண்டு மணிக்கு மண் தள்ளும் இயந்திரம் உள்ளே வந்தது. ஓட்டி வந்தவன் மெத்தைக்கும் கற்களுக்கும் நடுவில் ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எஞ்சினை அணைத்தான்.

"பெரியவரே, இதெல்லாம் உங்களுதா? எடுத்துக்கிறீங்களா?"

எமெட் பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். எத்தனை பவுண்டு என்று கை தானாகச் சொன்னது. அதைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

"இல்லே" என்றார். "தூக்க முடியாது. நீங்க தள்ளிக்குங்க."