சிங்கப்பூரில் வைத்த கலியாணம்

2012இல் எனக்குப் பேசிய மாப்பிள்ளை மெல்பேர்னில் இருந்தார். நான் பாரிசில், ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் உள்ள ஒரு பயண முகவர் கடையில் ரிக்கெற் போடும் வேலை செய்தேன். இரண்டு நகரங்களுக்கும் இடையில் பதினாறாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர். நேரடி விமானம் இல்லை. எங்கேயாவது இறங்கி ஏறினால் ஒரு முழுநாள் போய்விடும். தினமும் வாடிக்கையாளருக்குச் சொல்லுகிற கணக்கை அப்போது என் வீட்டுக்கே சொல்ல வேண்டி வந்தது.

கணினித் திரையில் பல மாதம் பேசியதில் எங்கள் இருவருக்கும் பிடித்துப்போயிற்று. கலியாணத்தை எங்கே வைப்பது என்பதில்தான் இழுபறி. அவருடைய அம்மா மெல்பேர்ன் என்றார். என் அப்பா பாரிஸ் என்றார். றெஸ்ரோறண்ட் குசினியில் அடுப்படியே கதியென்று வருடக்கணக்காக நின்று அப்பாவின் முழங்கால்கள் பழுதாகியிருந்தன. அவரை ஒரு முழுநாள் விமானத்தில் மடக்கி இருத்த எனக்கு மனமில்லை.

ஒரு மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரம் மாப்பிள்ளைக்குப் போன் எடுத்தேன்.

"சிங்கப்பூரிலை வைப்பம். உங்களுக்கும் நேரடி பிளேன் இருக்கு, எங்களுக்கும் இருக்கு."

"எனக்கு ஏழரை மணித்தியாலம். உங்களுக்கு?"

"பதின்மூண்டுக்குக் கிட்ட."

"அப்ப அது நடு இல்லையே. உங்களுக்கல்லோ கூடத் தூரம்?"

"ஓம். கூடுற தூரத்துக்குப் பதிலா எனக்கு ஒண்டு வேணும். கலியாணம் முடிய நீங்கள் இஞ்சை வாங்கோ. அப்பாவை விட்டிட்டு நான் அங்கை வரமாட்டன். என்ரை வேலையும் இஞ்சைதான்."

அவர் சிரித்தார். "அம்மாட்டைக் கேக்கோணும்."

"கேளுங்கோ. முடிவு உங்கடையா இருக்கட்டும்."

அடுத்த கிழமை அவரே எடுத்தார். "அம்மா அழுதவ. நான் வாறனெண்டு சொல்லிப்போட்டன்."

அப்பாவுக்குக் கால் நீட்ட இடமுள்ள முன்வரிசை ஆசனத்தைப் பிடித்தேன். என் தொழிலுக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? அடிக்கடி அவரை எழுப்பி நடக்கவைத்தேன். பாதி வழியில் அவர் பணிப்பெண்ணோடு தன்னுடைய குசினிப் பிரெஞ்சில் சமையல் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். சிங்கப்பூரில் நொண்டாமல் இறங்கினார்.

மாப்பிள்ளையின் அம்மா, என் மாமி, எங்களுக்கு முதலே வந்து விமான நிலைய வாசலில் நின்றார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நேரே அப்பாவிடம் போய், "அண்ணை, கால் எப்பிடி?" என்று கேட்டார். எனக்கு அது போதுமாயிருந்தது. கோயில் மண்டபத்தில் சின்னதாகக் கலியாணம் நடந்தது.

விசா கிடைத்து என் கணவர் பாரிஸ் வந்தார். முதலில் ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் பெட்டி தூக்கினார். பின்னேரங்களில் பிரெஞ்சு வகுப்புக்குப் போனார். குளிருக்குக் கை வெடித்தது. ஆனால் திரும்பிப் போகிற கதையை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை.

இரண்டு வருடம் கழித்து மாமி முதல்முறையாக எங்களிடம் வந்தார். விமான நிலையத்திலிருந்து டாக்சியில் வருகையில், எந்தப் பாதையால் போனால் நெரிசல் குறைவு என்று இவர் சாரதியோடு பிரெஞ்சில் வாதாடினார். சாரதி தோற்றுப்போய் வேறு பாதையில் திருப்பினார்.

மாமி என் பக்கம் சாய்ந்து, "இவன் வீட்டிலை வாயே திறக்கமாட்டான், பிள்ளை," என்றார்.

"இஞ்சை நல்லாத் திறப்பார், மாமி," என்றேன்.

அப்போதுதான் அவர் முதல்முறையாக என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.