அக்கா தன் பெயரில் வாங்கிய வீடு

எங்கள் அக்கா இல்லாமல் ஓர் ஆண்டு கடந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவருடைய வீட்டில் ஒரு வேளையாவது சாப்பிட்டிருப்பீர்கள். அந்த வீடு வந்த கதையை எழுதினாலே அக்கா எப்படிப்பட்டவர் என்பது விளங்கும்.

அக்கா கர்நாடகத்தில், கொள்ளேகால் பக்கமுள்ள மார்டள்ளியில் தமிழ் பேசும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அண்ணனுக்கு இளையவர், எனக்கு மூத்தவர். கொள்ளேகாலில் படித்து, மைசூரில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மணவாழ்க்கை நிலைக்கவில்லை. திரும்பி வந்தபோது யாரையும் குறை சொல்லவில்லை. மறுவாரமே வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

தனியாக இருக்கும் பெண்ணுக்கு மைசூரில் வாடகை வீடு எளிதில் கிடைக்கவில்லை. "யார் யார் இருக்கீங்க?" என்பார்கள். "நான் மட்டுந்தானுங்க" என்றதும் பேச்சு முடிந்துவிடும். கிடைத்த வீட்டிலும், ஊரிலிருந்து நாங்கள் போய்த் தங்கினால் வீட்டுக்காரர் முகம் மாறும். சொந்த வீடு வாங்குவதென்று அக்கா அப்போதுதான் முடிவு செய்தார்.

மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே விலைக்கு வந்த ஓர் அடுக்குமாடி வீட்டை அண்ணன் பார்த்து வைத்தார். குறைகிற பணத்தைத் தானே போடுவதாகவும், பத்திரத்தில் தன் பெயரும் இருக்கட்டும் என்றும் சொன்னார். அதே மாதம், அரசு வீட்டுத் திட்டத்தில் அக்கா போட்டிருந்த விண்ணப்பத்துக்குக் குலுக்கலில் ஒரு சிறிய வீடு விழுந்தது. அது நகரத்தின் கடைசி விளிம்பில் இருந்தது.

"அங்க பஸ்ஸே போறதில்ல அம்மிணி. வேலை முடிஞ்சு எப்படிப் போவ? எம் பேரும் சேர்ந்திருந்தா உனக்கு ஒரு பாதுகாப்புத்தான?" என்றார் அண்ணன்.

"நீ நல்லதுக்குத்தான் சொல்றண்ணா. ஆனா அந்த வீட்டுல நான் உன் தங்கச்சியாத்தான் இருக்கோணும். குலுக்கல்ல விழுந்தது சின்னதுதான், எம் பேரு மட்டும் இருக்கும். எஞ் சம்பளத்துலயே கட்டி முடிச்சுருவேன்."

"நாளைக்கு வித்தா வெல போகுமா?"

"விக்கறதுக்கா வாங்கறேன்? குடியிருக்கத்தான்ணா."

பால் காய்ச்சிய அன்று விடிவதற்குள் வேனில் அடுப்பும் பாத்திரமும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றவர் அண்ணன்தான்.

இரண்டாவது மழைக்காலத்தில் கூரை ஒழுகியது. தண்ணீர் லாரியில் வந்தது. அண்ணன் பார்த்த வீட்டின் விலையோ பல மடங்கு ஏறியது. "இருக்கட்டும்ணா, வாங்கினவங்க நல்லா இருக்கட்டும்" என்றார் அக்கா. கூரையைச் சரிசெய்தார். தெருவில் இருந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, தண்ணீர்க் குழாயும் பிறகு நகரப் பேருந்தும் வரவைத்தார். கன்னடத்திலும் மூத்த சகோதரியை 'அக்கா' என்றுதான் சொல்வார்கள். அதனால் தெருவே அவரை அக்கா என்று கூப்பிட்டது. தமிழில் கூப்பிடுகிறார்களா கன்னடத்திலா என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை.

அண்ணனுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது மூன்று மாதம் அந்த வீட்டில்தான் இருந்தார். என் மகள் அங்கிருந்துதான் கல்லூரியில் படித்து முடித்தாள். ஒரே படுக்கையறை கொண்ட வீட்டில் எத்தனை பேர் தங்கினாலும் இடம் இல்லையென்று அக்கா சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

புற்றுநோய் முற்றியபோது மருத்துவமனையில் இருக்க அக்கா விரும்பவில்லை. "என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். கடைசி ஐந்து வாரங்கள் அங்கே இருந்தார். நானும் அண்ணியும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். நாங்கள் இருவருமே ஊருக்குப் போயிருந்த ஒரு காலையில் அவர் உயிர் பிரிந்தது. கன்னடம் பேசும் எதிர்வீட்டு மஞ்சுளாம்மா அப்போது பக்கத்தில் இருந்தார்.

அக்காவுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும், உடன் வேலை பார்த்தவர்களுக்கும், வெளியூர்களிலிருந்து வந்து சடங்குகளில் நின்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தத் தெருவுக்கு நன்றி சொல்ல எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டு, நாற்காலிகள் போட்டு, எங்களுக்குச் சாப்பாடும் சமைத்து வைத்திருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவே எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்ற அண்ணனின் கையைப் பிடித்து மஞ்சுளாம்மா தமிழில் சொன்னார்:

"வாங்கண்ணா. அக்கா உள்ள இருக்காங்க."

குடும்பத்தார் சார்பில்,
தங்கை